ஜப்பானைச் சுற்றிப் பார்க்கப் போன இடத்தில் நிலம் குலுங்கினால்: வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

சகுரா பூக்கும் மாதம் நெருங்கினால் போதும், ஊரிலிருந்து அழைப்புகள் வர ஆரம்பித்துவிடும். டோக்கியோவில் குடியிருப்பவர்கள் எல்லாருக்கும் இது பழகிய கதைதான். "வரலாமா? பயமில்லையே? ஏதாவது ஆனால் என்ன செய்வது?" சித்தப்பாவுக்குச் சொன்னதையே நண்பனின் மாமியாருக்கும் சொல்லி அலுத்துவிட்டதால் எழுதியே வைத்துவிட்டேன்.

நாங்கள் வருவது பத்து நாள்தான். அதற்குள் நிலநடுக்கம் வருமா?

சின்னதாக ஒன்று வந்தால் ஆச்சரியப்படாதீர்கள். மனிதர்கள் உணரும் அளவுக்கான நடுக்கம் ஜப்பானில் ஆண்டுக்கு ஆயிரத்துக்கும் மேல் பதிவாகிறது. பெரும்பாலும் விளக்கு லேசாக ஆடும், அவ்வளவுதான். பக்கத்து மேஜைக்காரர் கண்ணை உயர்த்திப் பார்த்துவிட்டு மறுபடி நூடுல்ஸைத் தொடர்வார். அவர் தொடர்ந்தால் நீங்களும் சாப்பிடலாம்.

ரிக்டர் எவ்வளவு என்று சொல்லாமல் "ஷிந்தோ 4" என்கிறார்களே, அது என்ன?

கோயிலில் மேளம் எவ்வளவு பலமாக அடிக்கப்படுகிறது என்பது ஒன்று. உங்கள் தெருவில் அது எவ்வளவு கேட்கிறது என்பது வேறு. முதலாவதுதான் நாம் ரிக்டர் என்று சொல்லிப் பழகிய மேக்னிட்யூட். இரண்டாவது ஷிந்தோ, அதாவது நீங்கள் நிற்கிற இடத்தில் எவ்வளவு ஆட்டம் என்பது. 0 முதல் 7 வரை போகும். 5, 6 இரண்டும் 'குறை', 'மிகை' என இரண்டாகப் பிரிவதால் மொத்தம் பத்துப் படிகள்.

பயணிக்கு வேண்டியது ஷிந்தோதான். 4 வரை பதற்றம் மட்டும். 5-இல் அலமாரிப் பொருள்கள் விழும். 6-இல் நிற்பதே கடினம். 2011 மார்ச் 11 அன்று பிற்பகல் 2.46-க்கு வடகிழக்குக் கடலில் வந்தது மேக்னிட்யூட் 9.0. ஆனால் அன்று டோக்கியோவில் பதிவானது ஷிந்தோ '5 மிகை'. ஊரில் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டு "ஒன்பதாமே!" என்று அலறுகிறவர்களுக்கு இந்த வித்தியாசத்தை முன்பே சொல்லிவையுங்கள்.

குலுங்கத் தொடங்கியதும் வெளியே ஓடிவிடலாமா?

நம் ஊரில் எல்லாரும் செய்வது அதுதான். இங்கே வந்த சித்தப்பாவும் அதைத்தான் செய்தார். ஹோட்டல் அறையிலிருந்து லுங்கியோடு லிஃப்ட் வரைக்கும் ஓடிவிட்டார். நடுராத்திரி, ஷிந்தோ 3. லிஃப்ட் நின்றுபோயிருந்தது நல்லதாகப் போயிற்று.

ஓடாதீர்கள். 1981 ஜூனில் இங்கே கட்டட விதிகள் கடுமையாக்கப்பட்டன. அதற்குப் பின் கட்டிய ஹோட்டல்கள் பெரிய நடுக்கத்திலும் மனிதர்கள் மேல் இடிந்து விழாமல் நிற்கும்படி வடிவமைக்கப்பட்டவை. ஆபத்து உள்ளே விழுகிற பொருள்களிலும், வெளியே வாசலில் மேலிருந்து விழுகிற கண்ணாடி, விளம்பரப் பலகை, ஓடு ஆகியவற்றிலும்தான் இருக்கிறது. மேஜைக்கு அடியில் போய்த் தலையைக் காத்துக்கொண்டு அதன் காலைப் பிடித்துக்கொள்ளுங்கள். மேஜை இல்லையென்றால் தலையணை. நடுக்கம் நின்றபின் அறைக் கதவைத் திறந்து வையுங்கள். நிலைச்சட்டம் கோணிக்கொண்டால் கதவு திறக்காது. படுக்கைக்குப் பக்கத்துச் சுவரில் பெரும்பாலும் ஒரு டார்ச் மாட்டியிருக்கும், கழற்றினாலே எரியும். முதல் நாளே அது எங்கே என்று பார்த்துவிடுங்கள். செருப்பைக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துத் தூங்குங்கள். இருட்டில் உடைந்த கண்ணாடியை மிதித்துக் காலைக் கிழித்துக்கொள்கிறவர்கள் நிறைய.

தெருவில் இருந்தால் கட்டடத்தை விட்டு விலகுங்கள், சிமென்ட் கல் அடுக்கிய மதில் பக்கம் ஒதுங்காதீர்கள். 2018 ஜூனில் ஒசாகாவின் வடக்கே வந்த நடுக்கத்தில் ஒரு பள்ளியின் மதில் சாய்ந்து, பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்த ஒன்பது வயதுச் சிறுமி இறந்துபோனாள்.

விதிவிலக்கு ஒன்று உண்டு. நூற்றாண்டுப் பழமையான மரவீட்டு விடுதியில் தங்கினால், 'புதிய கட்டடம் நிற்கும்' என்ற கணக்கு அங்கே செல்லாது. அறைக்குள் போனதுமே வெளியேறும் வழியைப் பார்த்துவையுங்கள்.

நாற்பதாவது மாடியில் அறை எடுத்திருக்கிறோம். அது பரவாயில்லையா?

கட்டடம் நிற்கும், வயிறுதான் நிற்காது. உயரமான கட்டடங்கள் தொலைதூர நடுக்கத்துக்குக்கூட மெதுவாக, நீண்ட நேரம் ஆடும். 2011-இல் நடுக்க மையத்திலிருந்து சுமார் 770 கிலோமீட்டர் தள்ளியிருந்த ஒசாகாவிலேயே 256 மீட்டர் உயரக் கட்டடம் ஒன்று பத்து நிமிடம் போல ஆடியது. கப்பலில் இருப்பதாக நினைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிடுங்கள். லிஃப்டுக்குள் இருந்தால் எல்லா மாடிப் பொத்தானையும் அழுத்தி, நிற்கிற முதல் தளத்தில் இறங்குங்கள். அப்புறம் படிதான். முழங்கால் வலி உள்ள அம்மா அப்பாவோடு வருகிறவர்கள் கீழ்த்தளங்களிலேயே அறை கேட்டு வாங்குவது நல்லது.

போன் திடீரென்று கத்துமாமே?

கத்தும். ரயில் பெட்டியில் ஐம்பது போன்கள் ஒரே நேரத்தில் கத்தும்போது நடுக்கத்தைவிட அதுதான் குலைநடுங்க வைக்கும். பூமிக்குள்ளிருந்து முதலில் வருவது வேகமான, வலுவற்ற அலை. பின்னால் வருவதுதான் ஆட்டுகிற அலை. முதலாவதைக் கருவிகள் பிடித்து, இரண்டாவது வருமுன் எச்சரிக்கை அனுப்புகின்றன. 2007 அக்டோபரிலிருந்து இது பொதுமக்களுக்குக் கிடைக்கிறது. கையில் சில விநாடிகள் இருக்கும், தூரமென்றால் சில பத்து விநாடிகள். மையத்துக்கு மிக அருகில் இருந்தால் ஆட்டம் வந்தபின்தான் போன் கத்தும்.

நம் ஊர் சிம்மை ரோமிங்கில் வைத்திருந்தால் இது வரும் என்று நம்பியிருக்க முடியாது. 'சேஃப்டி டிப்ஸ்' என்ற செயலியைக் கிளம்பும் முன்பே இறக்கிக்கொள்ளுங்கள். ஜப்பான் சுற்றுலாத் துறையின் மேற்பார்வையில் உருவானது. தமிழ் இல்லை, ஆங்கிலம் உண்டு.

வெந்நீர் ஊற்றில் குளித்துக்கொண்டிருக்கும்போது வந்தால்? (சிரிக்காமல் சொல்லுங்கள்)

சிரிக்கவில்லை, நியாயமான பயம். பக்கத்தில் இருக்கும் மரவாளியைத் தலையில் கவிழ்த்துக்கொள்ளுங்கள். கண்ணாடிச் சுவரை விட்டு விலகி, வழுக்காத இடத்தில் உட்காருங்கள். நின்றதும் துண்டு, செருப்பு, அப்புறம் வாசல். மானம் இரண்டாவதாக வரட்டும்.

கடற்கரையில் இருந்தால்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

மற்ற இடங்களில் நான் சொல்வது, உள்ளூர்க்காரர்களைப் பார்த்துச் செய்யுங்கள் என்பதுதான். கடலோரத்தில் மட்டும் யாரையும் பார்க்காதீர்கள். ஒவ்வொருவரும் அடுத்தவர் கிளம்புகிறாரா என்று பார்த்து நிற்பதில்தான் உயிர் போகிறது. சுனாமி பலமுறை அடித்த வடகிழக்கு ஜப்பானின் சன்ரிக்குக் கரையில் 'சுனாமி தெந்தென்கோ' என்றொரு வழக்கு உண்டு. அலை வந்தால் அவரவர் தனித்தனியாக ஓடுங்கள், அம்மாவைத் தேடி அப்பா, அப்பாவைத் தேடி அம்மா என்று திரும்பி வராதீர்கள் என்று பொருள். கேட்கக் கல்நெஞ்சம் போலத் தோன்றும். ஆனால் எங்கே ஏறிச் சேர்வது என்று வீட்டில் முன்பே பேசி வைத்திருந்தால்தான் ஒருவரை நம்பி ஒருவர் ஓட முடியும். 2011 சுனாமியில் அந்தக் கரையிலுள்ள கமாய்ஷி நகரத்துப் பள்ளிப் பிள்ளைகள் ஏறத்தாழ 3000 பேர் இப்படித்தான் பிழைத்தார்கள். நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகள் சின்னப் பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு மேட்டுக்கு ஓடினார்கள். பயணத்திலும் அப்படித்தான். கடற்கரைக்குப் போகும் காலையிலேயே, "ஏதாவது என்றால் அதோ அந்தக் கோயில் படி" என்று குடும்பத்தில் பேசிக்கொள்ளுங்கள். இங்கே பல கோயில்கள் மேட்டில்தான் இருக்கின்றன.

நமக்கும் இது புதிதல்ல. 2004 டிசம்பர் 26 அன்று கன்னியாகுமரியில் விவேகானந்தர் பாறையைப் பார்க்கப் போயிருந்த நூற்றுக்கணக்கானவர்கள் அங்கேயே மாட்டிக்கொள்ள, மீனவர்கள்தான் படகெடுத்துப் போய்க் கரைசேர்த்தார்கள். கடல் உள்வாங்கியதை வேடிக்கை பார்க்க இறங்கியவர்களின் கதையை நம் கரையோர ஊர்களில் இன்றும் கேட்கலாம். ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: கடல் எப்போதும் முதலில் உள்வாங்காது. நேராக ஏறியும் வரும். ஆகவே நீண்ட அல்லது பலமான நடுக்கம் வந்தாலே போதும், சைரனுக்குக் காத்திருக்காமல் ஏறுங்கள்.

எச்சரிக்கையில் மூன்று படிகள். ஒரு மீட்டர் வரை எதிர்பார்த்தால் 'கவனம்', அதற்குமேல் 3 மீட்டர் வரை 'எச்சரிக்கை', அதையும் தாண்டினால் 'பெருஞ்சுனாமி எச்சரிக்கை'. முதல் படியைக் கேட்டு அலட்சியமாகக் காலை நனைக்காதீர்கள். முழங்கால் உயர அலையே ஆளைச் சாய்த்து இழுத்துப் போகும். அலைச் சத்தத்தில் சைரன் கேட்காதவர்களுக்கும் காது கேளாதவர்களுக்கும் 2020-லிருந்து கடற்கரைகளில் ஒரு கொடி வைத்திருக்கிறார்கள். சிவப்பும் வெள்ளையுமாக நான்கு கட்டம். அதை யாராவது அசைத்தால் தண்ணீரைவிட்டு வெளியே வந்து நிற்காமல் போய்க்கொண்டே இருங்கள்.

2024 புத்தாண்டன்று மாலை 4.10-க்கு நோத்தோ தீபகற்பத்தில் மேக்னிட்யூட் 7.6. பண்டிகைக்காகச் சொந்த ஊருக்கு வந்திருந்தவர்கள் நிறையப் பேர் அங்கே இருந்தார்கள். எப்போதும் தாழ்ந்த குரலில் செய்தி படிக்கும் என்எச்கே தொலைக்காட்சியில் அறிவிப்பாளர் "இப்போதே ஓடுங்கள்" என்று குரலை உயர்த்திக் கத்திக்கொண்டே இருந்தார். 2011-இல் வாங்கிய பாடம் அது. அமைதியாகச் சொன்னால் மக்கள் அமைதியாக உட்கார்ந்துவிடுகிறார்கள்.

ஏறியபின் எப்போது இறங்குவது? எச்சரிக்கை விலக்கப்பட்ட பிறகுதான். 2025 ஜூலை 30 அன்று ரஷ்யாவின் கம்சாத்கா அருகே 8.8 வந்தபோது ஜப்பானில் யாரும் பெரிய ஆட்டத்தை உணரவில்லை. ஆனால் பசிபிக் கரை நெடுக எச்சரிக்கை. வேகாத வெயிலில் மேட்டிலும் மொட்டைமாடியிலும் மணிக்கணக்கில் நின்றார்கள். அலை கடைசியில் ஒரு மீட்டருக்குச் சற்று மேல்தான் வந்தது. முழுதாக விலக்கியது மறுநாள் மாலை. முதல் அலை சின்னதாக வந்துவிட்டுப் பின்னால் வருவது பெரிதாக இருப்பது சகஜம்.

நடுக்கம் நின்றுவிட்டது. உடனே ஏர்போர்ட்டுக்குப் போய்க் கிடைக்கிற விமானத்தில் ஏறிவிடலாமா?

எல்லாருக்கும் முதலில் தோன்றுவது இதுதான். பெரும்பாலும் தப்பான முடிவும் இதுதான். ஓடுபாதையைப் பார்வையிடும்வரை விமானம் கிளம்பாது, ரயில் ஓடாது, நீங்கள் தெருவில் பெட்டியோடு நிற்பீர்கள். 2011-இல் தலைநகர்ப் பகுதியில் மட்டும் சுமார் 51 லட்சம் பேர் அன்றிரவு வீடு திரும்ப முடியாமல் மாட்டிக்கொண்டதாக அரசு கணக்கிட்டது. அதனால்தான் டோக்கியோ நிர்வாகம் இப்போது "உடனே நகராதீர்கள்" என்கிறது. நிறுவனங்கள் தங்கள் ஊழியர்களுக்காக மூன்று நாளுக்கான தண்ணீரும் உணவும் வைத்திருக்க முயல வேண்டும் என்று விதியே இருக்கிறது.

ஏர்போர்ட்டே பொறியாகவும் ஆகலாம். 2018 செப்டம்பர் 4 அன்று ஜெபி புயலில் ஒசாகாவின் கன்சாய் விமான நிலையத்துக்குள் கடல் புகுந்தது. அது கடலில் மண் கொட்டி உருவாக்கிய தீவு. கரைக்கு ஒரே பாலம். நங்கூரம் பிடிக்காமல் காற்றில் நகர்ந்த எண்ணெய்க் கப்பல் ஒன்று அந்தப் பாலத்தில் மோதியது. பயணிகள் சுமார் 3000 பேர் இரவு முழுக்க உள்ளேயே கிடந்தார்கள். மறுநாள் படகிலும் பேருந்திலும்தான் வெளியே கொண்டுவந்தார்கள்.

இன்னொன்று. 'பெரியது வந்துவிட்டது, இனி சின்னதுதான்' என்பது நிச்சயமில்லை. 2016 ஏப்ரலில் குமமோத்தோவில் 14-ஆம் தேதி இரவு ஷிந்தோ 7. சுமார் 28 மணி நேரம் கழித்து அதைவிடப் பெரியதாக இன்னொரு 7. முடிந்துவிட்டது என்று வீட்டுக்குள் போய்ப் படுத்தவர்களில் பலர் இரண்டாவதில் இறந்தார்கள்.

ஆகவே ஹோட்டல் உறுதியாக நிற்கிறதா, அங்கேயே இருங்கள். வரவேற்பு மேஜைக்காரர் சொல்வதைக் கேளுங்கள்.

ஷிங்கன்சென் அதிவேக ரயிலில் போகும்போது வந்தால்?

தானாகவே நின்றுவிடும். 2011-இல் ஓடிக்கொண்டிருந்த ஷிங்கன்சென் பயணிகள் ஒருவர்கூட இறக்கவில்லை. கதவை நீங்களாகத் திறக்காதீர்கள். பாலத்தின் மேல் நான்கைந்து மணி நேரம் நிற்க நேரலாம் என்பதால் ஏறும்போதே தண்ணீரும் ஏதாவது தின்பண்டமும் கையில் இருக்கட்டும்.

தங்க இடமில்லை என்றால் முகாமில் வெளிநாட்டவரைச் சேர்ப்பார்களா?

சேர்ப்பார்கள். பெரும்பாலும் பக்கத்துப் பள்ளி அல்லது சமூகக் கூடம். பெயர் 'ஹினான்ஜோ'. பச்சைப் பலகையில் ஓடுகிற மனிதன் படம் இருந்தால் அந்தத் திசை. இதில் ஒரு நுணுக்கம் உண்டு: 'ஹினான்-பாஷோ' என்பது அந்த நேரத்துக்குத் தப்பிக்கிற திடல் அல்லது மேடு, 'ஹினான்ஜோ' என்பது இரவு படுக்கிற கூரை. நடுராத்திரி திடலுக்குப் போய் "போர்வை எங்கே?" என்று கேட்டுப் பயனில்லை. உள்ளே போகும்போது செருப்பைக் கழற்றுங்கள், பெயரைப் பதியுங்கள். அட்டைத் தடுப்புக்குள் உட்கார்ந்திருப்பவர்களைப் படம் எடுக்காதீர்கள், அது அவர்களுடைய அன்றைய வீடு. சும்மா உட்காராமல் தண்ணீர்ப் பெட்டி தூக்கப் போனால் மொழி தெரியாமலே உறவாகிவிடலாம்.

நாங்கள் சைவம். அங்கே என்ன கொடுப்பார்கள்?

சோற்று உருண்டை, பன், கோப்பை நூடுல்ஸ். உருண்டைக்குள் மீன் இருக்கலாம், நூடுல்ஸ் சாறில் நிச்சயம் ஏதாவது இருக்கும். இங்கே 'அல்ஃபா அரிசி' என்று ஒன்று பொட்டலமாகக் கிடைக்கிறது. வெந்நீர் ஊற்றினால் கால்மணி நேரத்தில், பச்சைத் தண்ணீர் என்றால் ஒரு மணி நேரத்தில் சோறு. வெறும் வெள்ளை ரகத்தைப் பார்த்து இரண்டு பொட்டலம் வாங்கிக்கொண்டால், நீங்கள் எப்படியும் கொண்டுவரப்போகிற பருப்புப்பொடிக்குத் துணை. கடலைமிட்டாயும் பேரீச்சையும் எடை அதிகமில்லை. சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை ஒரு வாரத்துக்குக் கூடுதலாக, கைப்பையில் வையுங்கள்.

எல்லாம் கார்டில்தானே, ரொக்கம் எதற்கு?

2018 செப்டம்பர் 6 அதிகாலை 3.07-க்கு ஹொக்கைடோவில் 6.7. கன்சாய்க்கு இரண்டே நாள் கழித்து. நடுக்கத்தைவிட, அதன்பின் அந்தத் தீவு முழுவதும் மின்சாரம் போனதுதான் பயணிகளைத் திக்குமுக்காட வைத்தது. ஏறத்தாழ 29.5 லட்சம் இணைப்புகள் ஒரே நேரத்தில் இருட்டு. ஏடிஎம் இல்லை, கார்டு இல்லை, போனில் சார்ஜ் இல்லை, சொல்கிற மொழி புரியவில்லை. சப்போரோ நகராட்சி பயணிகளுக்கென்றே தங்குமிடங்கள் திறந்தது. அன்று பேர் வாங்கியது அங்கத்திய செய்கோமார்ட் கடைகள். கார் பேட்டரியிலிருந்து மின்சாரம் எடுத்துக் கல்லாவை ஓட்டினார்கள். சமையலறையில் எரிவாயு இருந்த கடைகள் சோறு வடித்துச் சுடச்சுட உருண்டை விற்றன. வாங்கக் கையில் யென் இருந்தவர்கள் சாப்பிட்டார்கள். ஆயிரம் யென் தாள்களாக ஒரு பத்தும் கொஞ்சம் சில்லறையும் எப்போதும் இருக்கட்டும்.

ஊரில் இருப்பவர்களுக்கு எப்படித் தகவல் சொல்வது?

அழைக்காதீர்கள், எழுதுங்கள். குரல் அழைப்புகள் நெரிசலில் நிற்கும், எழுத்துச் செய்தி எப்படியாவது போகும். பெரிய பேரிடரில் இலவச வைஃபை திறந்துவிடுவார்கள். ஐந்து பூஜ்ஜியம், அதையடுத்து ஆங்கிலப் பெரிய எழுத்தில் ஜப்பான் என்று பெயர் தெரியும். கடவுச்சொல் கிடையாது, பூட்டும் கிடையாது. அதில் 'நலம்' என்று எழுதலாம், வங்கிக் கணக்கைத் திறக்காதீர்கள். 'நான் நலம், இன்ன ஊர், இன்ன ஹோட்டல், அடுத்த செய்தி இரவு ஒன்பதுக்கு' என்று நேரத்தோடு சொன்னால் அம்மா நிமிடத்துக்கு ஒருமுறை கேட்கமாட்டார்.

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வருவதை நம்பி நகராதீர்கள். 2016 குமமோத்தோ நடுக்கத்தின்போது, மிருகக்காட்சிசாலையிலிருந்து சிங்கம் தப்பிவிட்டது என்று ஒருவர் படத்தோடு பதிவிட, ஊரே கலங்கியது. படம் வேறு நாட்டில் எடுத்தது. போட்டவரைக் காவல்துறை கைது செய்தது.

பெட்டியை விட்டுவிட்டா ஓடுவது? பாஸ்போர்ட் அதில்தானே இருக்கிறது?

பாஸ்போர்ட்டை உடம்போடு வைத்திருங்கள். இங்கே வெளிநாட்டுப் பயணி அதை எப்போதும் கையில் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டமும்கூட. பெட்டியைப் பற்றி: நோத்தோ நடுக்கத்துக்கு மறுநாள், 2024 ஜனவரி 2, டோக்கியோவின் ஹனேடா விமான நிலையத்தில் தரையிறங்கிய பயணிகள் விமானம் நிவாரணப் பொருள் கொண்டுபோகவிருந்த கடலோரக் காவல்படை விமானத்தின்மேல் மோதித் தீப்பிடித்தது. சின்ன விமானத்தில் ஐவர் இறந்தார்கள். பெரிய விமானத்திலிருந்த 379 பேரும் சாமான்களை உள்ளேயே விட்டு இறங்கி உயிர் தப்பினார்கள்.

மகன் வீடு டோக்கியோவின் நிஷிகசாயில். நம்மவர்கள் நிறைய இருக்கிற இடம்தானே, பயமில்லையே?

இட்லிக்குப் பயமில்லை. ஆனால் அது இருக்கிற எதொகாவா வட்டத்தின் நிலத்தில் சுமார் 70 சதவீதம், கடல் பொங்கும் நேரத்தில் கடல்மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. 2019-இல் அந்த வட்ட நிர்வாகம் வீடுவீடாகக் கொடுத்த வெள்ள வரைபடத்தின் அட்டையிலேயே 'இங்கே இருக்கக் கூடாது' என்று அச்சடித்திருந்தது. தன் ஊரைப் பற்றி இவ்வளவு நேர்மையாக எழுதுகிற நகராட்சியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. அதே ஆண்டு அக்டோபரில் ஹகிபிஸ் புயல் வந்தபோது வட்டத்தின் சில பகுதிகளை நிஜமாகவே காலி செய்யச் சொன்னார்கள். ஆறுதல் என்னவென்றால் புயல் சொல்லிவிட்டு வரும். ரயில்களை எப்போது நிறுத்தப்போகிறோம் என்று முதல்நாளே அறிவிப்பார்கள். அந்த நேரத்துக்கு முன்பே உயரமான இடத்துக்கோ வேறு பகுதிக்கோ போய்விடுங்கள்.

இன்ன தேதியில் பெரிய நடுக்கம் வருமென்று யாரோ சொல்லியிருக்கிறார்களாமே?

2025 ஜூலையில் இப்படித்தான் ஒரு சித்திரக்கதையின் பேச்சைக் கேட்டு ஹாங்காங்கிலிருந்து வரும் விமானங்களையே குறைத்தார்கள். சொன்ன நாள் சும்மா போயிற்று. நாள், இடம், அளவு மூன்றையும் முன்கூட்டிச் சொல்ல இன்றைய அறிவியலால் முடியாது என்று ஜப்பான் வானிலை நிறுவனமே சொல்கிறது. அதே நிறுவனம் 2024 ஆகஸ்ட் 8 அன்று, தெற்கே வந்த 7.1-க்குப் பின், பெருநடுக்கத்துக்கான வாய்ப்பு வழக்கத்தைவிடக் கூடியிருக்கிறது என்று ஒரு வாரம் கவனமாக இருக்கச் சொன்னது. அதைக் கேளுங்கள், ஜோசியத்தை விடுங்கள்.

பாதித்த இடத்துக்குப் போய் உதவலாமா?

முதல் சில நாள் வேண்டாம். நோத்தோவுக்குள் போகிற சாலைகள் பிளந்து கிடந்தன. இருந்த ஒன்றிரண்டு வழியிலும் வெளியூர் வண்டிகள் நெரிசலை உண்டாக்க, வராதீர்கள் என்று இஷிகாவா மாகாண நிர்வாகமே கேட்டுக்கொண்டது. பணமாகக் கொடுங்கள். ஓராண்டு கழித்து அந்த ஊரில் போய் ஒருநாள் தங்கிச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.

எந்தெந்த எண்கள், என்னென்ன வார்த்தைகள் தெரிந்திருக்க வேண்டும்?

தீ, ஆம்புலன்ஸ் 119. காவல் 110. சுற்றுலாப் பயணிகளுக்காக 24 மணி நேரமும் ஆங்கிலத்தில் பேசுகிற உதவி எண் 050-3816-2787. இந்தியத் தூதரகம் டோக்கியோவில் குதானில் இருக்கிறது, துணைத் தூதரகம் ஒசாகாவில். இலங்கை, மலேசியா, சிங்கப்பூர்க் கடவுச்சீட்டுக்காரர்கள் தங்கள் தூதரக எண்ணைக் காகிதத்தில் எழுதிப் பையில் போடுங்கள். போன் அணைந்தபின் அதிலுள்ள எண் உதவாது.

வார்த்தைகள்: 'ஜிஷின்' என்றால் நிலநடுக்கம். 'த்சுனாமி' உங்களுக்கே தெரியும். 'தகாய் தொகோரோ' உயரமான இடம். 'அபுனாய்' ஆபத்து. 'நிகேத்தே' என்று யாராவது கத்தினால், ஓடு என்று அர்த்தம். எதற்கு என்று ஓடிக்கொண்டே கேட்டுக்கொள்ளலாம்.